பாஸ்போர்ட்டில் ஒரு காலிக் கட்டம்

டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், கூடவே நாலு கம்ப்யூட்டர். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிற நம்மூர்க்காரர்களுக்கும், மீனாட்சியம்மன் கோயில் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களுக்கும் விசா ஃபாரம் நிரப்பிக் கொடுத்தே பதினாறு வருஷம் ஓடிவிட்டது. நேற்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் நண்பர் ஒருவர், "விசா விஷயத்துல மாட்டுறவன் எல்லாம் டாக்குமென்ட் ஒழுங்கா வைக்காதவன்" என்று அடித்துச் சொன்னார். அங்கே பதில் எழுதினால் குட்மார்னிங் பூக்களுக்கு நடுவில் காணாமல் போகும். அதனால் இங்கே.

உசிலம்பட்டிப் பக்கத்து அக்கா ஒருவர். 2022 நவம்பர் கடைசி. துபாயில் மகளுக்கு நிறைமாசம். விசிட் விசா வந்தாச்சு, டிக்கெட் போட்டாச்சு. பெட்டியில் பிரசவ லேகியம், சுக்கு, பூண்டு, பழைய நூல் சேலையைக் கிழித்து மடித்த துணி. மதுரையிலிருந்தே துபாய்க்கு விமானம் இருக்கிறதே என்ற நிம்மதியில் குடும்பமே வேன் பிடித்து வழியனுப்ப வந்திருக்கிறது. கவுன்ட்டரில் பாஸ்போர்ட்டைப் பார்த்தவர்கள், "உங்களுக்கு ஒத்தைப் பேர்தான் இருக்கு, ஏத்த முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். கிவன் நேம், அதாவது சொந்தப் பெயருக்கான கட்டத்தில் அக்காவின் பெயர். சர்நேம், அதாவது குடும்பப் பெயருக்கான கட்டம் காலி.

அந்த மாதம் 21ஆம் தேதியிலிருந்துதான் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் அந்த விதியைப் போட்டிருந்தது. பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல்லாகப் பெயர் இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விட மாட்டோம் என்று. அங்கேயே குடியிருப்பவர்களுக்கு இது கிடையாது. அப்பா பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் போதும் என்று அப்புறம் சிலருக்குத் தளர்த்தவும் செய்தார்கள். அக்கா அதற்கெல்லாம் காத்திருக்கிற நிலையில் இல்லை. வேன் அப்படியே உசிலம்பட்டிக்குத் திரும்பியது.

"விசாதான் கொடுத்துட்டாங்களே தம்பி, அப்புறம் எப்படி நிப்பாட்டலாம்?" என்று மறுநாள் கடையில் வந்து கேட்டார். எனக்கும் ஆரம்பத்தில் புரியாத விஷயம் இது. விசா என்பது வாசல்படி வரைக்கும் வரலாம் என்கிற சீட்டு. வீட்டுக்குள் விடுவதும், எத்தனை நாள் தங்கலாம் என்பதும் வாசலில் நிற்கிறவர் கையில். அமெரிக்காவுக்குப் பத்து வருஷ விசா வாங்கியவர்கள் பத்து வருஷமும் அங்கேயே இருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும், இத்தனாம் தேதிக்குள் கிளம்பு என்று அங்கே உள்ள அதிகாரிதான் தேதி குறிப்பார். உள்ளே விடாத ஆளைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற வேலையும் விமானக் கம்பெனி தலையில்தான் விழும். அதனால்தான் அங்கே நடக்க வேண்டிய விசாரணை அவனியாபுரத்துக்குப் பக்கத்தில், நம் மதுரை ஏர்போர்ட்டிலேயே நடந்துவிடுகிறது.

யார் உள்ளே வரலாம் என்று முடிவு பண்ணுவது அந்தந்த நாட்டின் உரிமை. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அக்காவிடம் எந்த டாக்குமென்ட் குறைந்தது? பாஸ்போர்ட் அசல், விசா அசல். அவர் பிறந்த ஊரில் பெயர் வைக்கிற முறை ஒரு ஃபாரத்தின் கட்டத்துக்குள் அடங்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கட்டம் நம்மிடம் ஏன் காலியாக இருக்கிறது என்று நண்பருக்குத் தெரியாதா என்ன? 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். பெரியாரே தன் பெயரில் இருந்த வாலை வெட்டினார். என் தாத்தாவின் கிரயப் பத்திரத்தில் பெயருக்குப் பின்னால் ஒரு வால் உண்டு. என் அப்பாவின் பத்திரத்தில் இல்லை. முன்னால் ஒரே ஒரு எழுத்து, அதற்கு ஒரு புள்ளி. நாம் தெரிந்தே காலி பண்ணிய இடம் அது. இன்றைக்கு உலகத்தில் பாதி ஃபாரம் அந்த இடத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டு, நிரப்பு என்கிறது.

நிரப்பாவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 ஃபாரத்தில், சர்நேம் இல்லாதவருடைய ஒரே பெயரைக் கொண்டுபோய் சர்நேம் கட்டத்தில் போட வேண்டும். கிவன் நேம் கட்டத்தில் எஃப்என்யூ. 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம். ரிடையர்டு வாத்தியார் ஒருவருக்கு அப்படி விசா வந்தது. போர்டிங் பாஸிலும் அதே. "நாப்பது வருஷம் அட்டென்டன்ஸ் எடுத்தவன்யா நான், எனக்கே பேர் தெரியலையாம்" என்று கடையில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்தாரே தவிர, முகம் சரியில்லை.

போன வருஷம் ஒரு பையன் வந்தான். புது பாஸ்போர்ட் விண்ணப்பம். "அண்ணே, சர்நேம் கேக்குது, சாதிப் பேரைப் போட்டுரவா? வடக்க எல்லாரும் அதத்தானே போடுறாங்க." எனக்குச் சுருக்கென்றது. என் அப்பா தலைமுறை கழற்றி வைத்ததை ஒரு ஆன்லைன் ஃபாரம் திரும்ப மாட்டிவிடப் பார்க்கிறது. வேண்டாம்டா, உன் இனிஷியலை விரித்து எழுது, அப்பா பெயர்தான் உன் சர்நேம் என்றேன். ஐஸ்லாந்துக்காரர்களும் அப்பா பெயரை வைத்துத்தான் காலம் தள்ளுகிறார்கள், ஒரு 'சன்' சேர்த்து, பெண் என்றால் 'டோட்டிர்' சேர்த்து. இந்தோனேசியாவில் சுகர்னோ ஒற்றைப் பெயரோடு ஜனாதிபதியாகவே இருந்தார். உலகத்தில் நாம் மட்டும் விசித்திரம் இல்லை.

நம் நாட்டு விசா ஃபாரம் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. 2014 நவம்பரில் இ-விசா வந்த பிறகு வெள்ளைக்காரர்களுக்கு வேலை சுலபம்தான், தூதரகம் போகாமல் முப்பது நாள் சுற்றுலா விசா வாங்கிவிடலாம். ஆனால் அந்த ஃபாரத்தில் மதம் கேட்கிறோம், பெற்றோர் தாத்தா பாட்டி யாராவது பாகிஸ்தானில் இருந்தார்களா என்று கேட்கிறோம், அங்க அடையாளம் கேட்கிறோம். அந்தக் கேள்வியைப் படித்துவிட்டு ஒரு இங்கிலீஷ்காரர் என்னிடம் சட்டைக் கையை மடக்கிக் காட்டி, பச்சை குத்தியதை எழுதலாமா என்று கேட்டார். நமக்கு அது பள்ளிக்கூட டிசியிலிருந்தே பழக்கம், வலது கன்னத்தில் ஒரு மச்சம். அவருக்கு யாரோ உடம்பைத் தடவிப் பார்த்த மாதிரி இருந்திருக்கும்.

   

ஆக, வீட்டில் யாருடைய பாஸ்போர்ட்டிலாவது சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், டிக்கெட் போடுவதற்கு முன்னால் மாற்றிவிடுங்கள். புதுப்பிக்கிற மாதிரியே ரீ-இஷ்யூதான், 36 பக்கப் புத்தகத்துக்கு 1500 ரூபாய், தட்கல் என்றால் மேலே 2000. பிறந்த குழந்தைக்கு எடுக்கிறவர்கள் முதல் தடவையே விரித்து எழுதிவிடுங்கள். இது அடங்கிப் போவதுதானே என்று கேட்டால், ஆமாம், கொஞ்சம் அடங்கிப் போவதுதான். எனக்கும் பிடிக்கவில்லை.

அக்காவுக்கும் அப்படித்தான் பண்ணினோம். அவருக்கு வீட்டுக்காரர் பெயரைப் போடுவோம் என்று முடிவாகி, பேர் என்னக்கா என்றேன். பதில் இல்லை. பைக்குள் கையை விட்டு ரேஷன் கார்டை எடுத்து நீட்டினார். பார்த்து அடித்தேன். புது பாஸ்போர்ட் வந்து அவர் கிளம்புவதற்குள் பேரன் பிறந்து பதினெட்டு நாள் ஆகிவிட்டது.

திரும்பி வந்ததும் பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு கடைக்கு வந்தார். "கல்யாணமாகி முப்பது வருஷத்துல அவுக பேரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்ல தம்பி. துபாய் ஏர்போர்ட்ல அந்த ஆபீசர் அவுக பேரைச் சொல்லி என்னைக் கூப்பிடுறாரு. நான் பாட்டுக்கு அவுகளத்தான் தேடித் திரும்பிப் பாக்குறேன்."