டீச்சரம்மாவ கேள்வி கேட்டது போதும்

டீச்சரம்மா வீட்டு ட்ரஸ் விஷயம் எல்லாருக்கும் தெரியும், சுருக்கமா சொல்லுதேன்: காத்துல ஓடு போன வீட்டுக்கு ட்ரஸ், அதாவது இரும்பு பைப் மேல தகர ஷீட் போட்ட கூரை, போட வந்த ஒருத்தன் முக்கால்வாசி காச முன்னாடியே வாங்கிட்டு வேலைய பாதில விட்டுட்டுப் போயிட்டான். ரெண்டு நாளா அதப் பத்தி நடக்குற பேச்சுதான் தாங்க முடியல. "முக்கால்வாசி பணத்த முன்கூட்டியே யாராவது தூக்கிக் குடுப்பாங்களா", "படிச்சவங்கதானே, ஒரு பேப்பர்ல எழுதி வாங்குனா என்ன". எல்லாக் கேள்வியும் அவங்ககிட்டதான் கேக்கீங்க. காச வாங்கிட்டு போன் எடுக்காதவன ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல.

காத்து அடிச்ச ராத்திரி அந்த வீட்டுக்குப் போனவன் நான். பாதி ஓடு முற்றத்துல நொறுங்கிக் கிடக்கு, மெத்தை நனைஞ்சு கனக்குது, அரிசி டப்பா மேல தார்ப்பாய மூடிட்டு அந்த அம்மா மூலையில நிக்காங்க, மழை விடவே இல்ல. மறுநாள் காலைல ஒருத்தன் வந்து "இன்னைக்கே ஆள இறக்குதேன், இரும்பு எடுக்க காசு மட்டும் வேணும்"னு சொன்னா குடுக்காம என்ன செய்வாங்க? நீங்களும் குடுத்திருப்பீங்க. நானும் குடுத்திருப்பேன்.

என் கோவம் எங்கன்னா, "அவன் இதுக்கு முன்னாடியே ரெண்டு வீட்டுல வேலைய பாதில போட்டவனாக்கும்"னு இப்ப வந்து சொல்லுதீங்க பாருங்க, அங்க. தெரிஞ்சிருந்துச்சே உங்களுக்கு! அவன் அந்த வாசல்ல டேப் பிடிச்சு அளக்கும்போது எதிர்த்தாப்புல டீ குடிச்சிட்டு பாத்துக்கிட்டுதானே நின்னீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். ஒரே ஒரு வார்த்தை.

அவன் செஞ்ச வேலைய நான் ஏணி போட்டு ஏறிப் பாத்தேன். பேசுனது 0.50 எம்எம் ஷீட். நல்ல கம்பெனி ஷீட்டுல பேரும் கனமும் அடிப்பக்கம் அச்சடிச்சிருக்கும், இதுல வெறும் தகரம், கடைக்காரர் மைக்ரோமீட்டர் வச்சுப் பாத்தா 0.35. பாதி ஸ்க்ரூ கீழ உள்ள பைப்ல பிடிக்கவே இல்ல, தகரத்த மட்டும் ஓட்டை போட்டு நிக்குது, சிலதுல ரப்பர் வாஷரும் கிடையாது, அந்த ஓட்டை வழியாத்தான் இப்ப அடுக்களைக்குள்ள தண்ணி சொட்டுது. காத்து கூரைய தூக்குறது ஓரத்துலயும் மூலையிலயும் முகட்டுலயும்தான், அங்கதான் ஸ்க்ரூ நெருக்கி அடிக்கணும். அவன் மிச்சம் பிடிச்சதே அங்கதான். முகட்டுல ரெண்டு பக்க ஷீட்டும் சேர்ற இடத்த மூடுற ரிட்ஜே வைக்காம போயிருக்கான்.

"கேரளா பார்டர் தாண்டி வர்றவன நம்புனா இப்படித்தான்"னு ஒரு அண்ணன் சொன்னாரு. அத மட்டும் சொல்லாதீங்க அண்ணே. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடிச்சப்போ ரப்பர் மரம் சாஞ்சு எங்க அப்பா வீட்டு கழுக்கோல், அதான் ஓட்டைத் தாங்குற சாய்வு மரம், எல்லாம் ஒடிஞ்சு போச்சு, கரண்டும் இல்ல, மார்த்தாண்டத்துல கேட்ட ஆளெல்லாம் கைய விரிச்சாங்க. பார்டருக்கு அந்தப் பக்கம் பாறசாலையில இருந்து ஒரு ஆசாரி வந்தாரு. "நான் மேஞ்ச வீடு பக்கத்துல இருக்கு, போய் பாத்துட்டு வாங்க, பிறகு ரேட் பேசலாம்"னாரு. மரம் வந்து இறங்குனதும் மரத்துக்கு காசு, கழுக்கோல் ஏறுனதும் கொஞ்சம், மிச்சத்த ஒரு நல்ல மழை பெஞ்சு ஒழுகலன்னு தெரிஞ்ச பிறகுதான் வாங்குனாரு, அதுவும் அவரே சொன்ன கணக்கு. அந்தக் கூரை இன்னைக்கும் அசையல. டீச்சரம்மாவ ஏமாத்துன இவன் குடுத்த பில்லுல ஜிஎஸ்டி நம்பர் 33ல ஆரம்பிக்குது. கேரளான்னா 32 வரும், 33 நம்ம தமிழ்நாடு. ஜிஎஸ்டி வெப்சைட்ல அந்த நம்பர போட்டா லாகின் கூட இல்லாம அட்ரஸ் வருது, நம்ம விளவங்கோடு தாலுகாதான். நம்ம ஆளுதான் அண்ணே நம்ம டீச்சர ஏமாத்துனது.

கேஸ் போட்டா அலையணும்னு சொல்லுதீங்க. அலைச்சல் இருக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா குடுத்த காசு 5 லட்சம் வரைன்னா நுகர்வோர் ஆணையத்துல ஃபீஸ் கிடையாது, 2019 சட்டப்படி நாம குடியிருக்குற மாவட்டத்துலயே போடலாம், நமக்கு நாகர்கோவில். 1915ங்கிற நுகர்வோர் உதவி நம்பருக்கு போன் போட்டும் புகார் சொல்லலாம்.

ஒரு மாப்பிள்ளைய விசாரிக்கணும்னா மூணு தலைமுறை கதைய மூச்சு விடாம சொல்லுத ஊர் இது. அந்த அம்மா வீட்டுக் கூரைன்னு வரும்போது மட்டும் வாய் அடைச்சுப் போச்சு. அவங்ககிட்ட அ ஆ படிச்ச கைதான், இன்னைக்கு "ஏன் எழுதி வாங்கல"ன்னு டைப் பண்ணுது. அவங்க அத படிக்காங்க. எனக்கு அதுதான் தாங்கல.

திங்கக்கிழமை நான் அவங்கள நாகர்கோவில் கூட்டிட்டுப் போறேன். முன்னாடி ஏமாந்த அந்த ரெண்டு வீட்டுக்காரங்களும் இத பாப்பீங்கன்னு தெரியும். பில்லோ, பணம் அனுப்புன ரசீதோ, பாதில நிக்குற வேலையோட போட்டோவோ என்ன இருந்தாலும் ஞாயித்துக்கிழமைக்குள்ள எங்க வீட்டுல கொண்டு வந்து தாங்க. நேர்ல வர சங்கடம்னா பிள்ளைங்க கையில குடுத்து விடுங்க.