ஆஃபரை ஏற்ற பிறகு விதியைத் தேடாதீர்கள்

"ஒரு கம்பனிக்கு ஓம் சொல்லிட்டன். இப்ப அதைவிட நல்லது ஒண்டு வந்திருக்கு. மாறலாமோ?"

படிப்புத் தவணைகளுக்கு இடையில் கம்பனியில் வேலைத் தவணைகளும் வரும் கோ-ஆப் முறையில் கனடாவில் படிக்கும் பிள்ளைகளிடமிருந்து ஒவ்வொரு தவணையும் வரும் கேள்வி இது. மாற முடியாது என்பதுதான் பதில். போனில் சொன்ன ஓம், மின்னஞ்சலில் எழுதிய ஓம், பல்கலைக்கழகத் தளத்தில் அமுக்கிய பொத்தான், மூன்றும் ஒன்றுதான். கையெழுத்து இன்னும் போடவில்லையே என்ற வாதம் எடுபடாது. ஏற்ற வேலையைக் கைவிட்டால் பல பல்கலைக்கழகங்களில் அந்த வேலைத் தவணை தோல்வி என்று பதிவாகும். அதற்கு மேலே போனால் கோ-ஆப்பிலிருந்தே நீக்குவார்கள். ஏற்ற அன்றைக்கே மற்ற நேர்காணல்களையும் நீங்களே ரத்து செய்ய வேண்டும். "சும்மா போய்ப் பார்ப்பம்" என்று போவதும் விதிமீறல்தான்.

இது அடிமைச் சாசனம் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோ-ஆப் 1906இல் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் தொடங்கிய முறை. அங்கே மாணவர்கள் சோடியாக இருந்தார்கள். ஒருவர் வகுப்பில் இருக்கும் வாரம் மற்றவர் தொழிற்சாலையில், அடுத்த வாரம் இடம் மாறுவார்கள். ஒருவர் வராவிட்டால் அங்கே ஒரு இயந்திரம் ஆளில்லாமல் நிற்கும். இன்றைக்கும் கணக்கு அதேதான். நீங்கள் ஓம் சொன்னதும் கம்பனி மற்றவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிடும். மூன்று கிழமை கழித்து நீங்கள் விலகினால் நல்ல பிள்ளைகள் எல்லோரும் வேறு இடம் பிடித்திருப்பார்கள். அடுத்த வருடம் அந்தக் கம்பனி உங்கள் பல்கலைக்கழகத்தின் பக்கமே எட்டிப் பார்க்காது. அடி வாங்குவது உங்களுக்குப் பின்னால் வரும் பிள்ளைகள்.

ஆகவே யோசிக்க வேண்டிய நேரம் விண்ணப்பிக்கும் நேரம். 1957இல் கோ-ஆப்போடு தொடங்கிய வாட்டர்லூப் பல்கலைக்கழகத்தில் இது இன்னும் கறாராகத் தெரியும். நேர்காணல் முடிந்ததும் கம்பனி உங்களுக்கு ஓர் எண் போடும், நீங்கள் கம்பனிக்கு ஓர் எண் போடுவீர்கள். கம்பனி போடும் 1 என்பது ஆஃபர். இரண்டு பக்கமும் 1 என்றால் பொருத்தம் உறுதி. மற்றபடி இரண்டு எண்களின் கூட்டுத்தொகை குறைவாக வரும்படி கணினி பொருத்தும். பிடிக்காத வேலைக்குக் கடைசி எண்ணான 9 போட்டுவிட்டால் தப்பிவிடலாம் என்று நினைக்கிறார்கள். வேறெதுவும் அமையாவிட்டால் அந்த 9தான் நான்கு மாதத்துக்கு உங்கள் வேலை. தூரம், தங்குமிடம், தொடங்கும் தேதி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, போக மனமில்லாத வேலைக்கு முதலிலேயே விண்ணப்பிக்காமல் விடுங்கள். ஐம்பது இடத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புவது உழைப்பு இல்லை.

இனி என் மனக்குறை. மாணவரைக் கட்டிப்போடும் விதி கையேட்டில் பக்கம் பக்கமாக இருக்கிறது. மாணவரைக் காக்கும் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதைப் பலருக்கு யாரும் சொல்வதில்லை. ஒன்ராறியோவில் பல்கலைக்கழகம் அங்கீகரித்த திட்டத்தின் கீழ் செய்யும் வேலைக்கு வேலைவாய்ப்புத் தரநிலைச் சட்டம் பொருந்தாது. குறைந்தபட்ச ஊதியம், மேலதிக நேரக் கொடுப்பனவு, விடுமுறைச் சம்பளம் எல்லாம் அந்தச் சட்டத்தில் இருப்பவை. கோ-ஆப் வேலைக்குச் சம்பளம் இருக்க வேண்டும் என்பது கோ-ஆப் திட்டங்களுக்கான தேசிய அங்கீகாரத் தரத்தின் எதிர்பார்ப்பு. பெரும்பாலான கம்பனிகள் நல்ல சம்பளம் கொடுக்கின்றன என்பதும் உண்மை. ஆனாலும் உங்கள் கையில் இருக்கப்போகும் பிடி ஒப்பந்தக் கடிதம் ஒன்றுதான். மணிக்கு எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை மணி, மேலதிக நேரத்துக்கு என்ன, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, மேற்பார்வையாளர் யார், இவை எழுத்தில் இல்லாவிட்டால் ஏற்பதற்கு முன் கேளுங்கள். ஆஃபருக்குப் பதில் சொல்லப் பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரம்தான் கிடைக்கும். அந்த நேரம் இதைக் கேட்பதற்குத்தான்.

பாதுகாப்பு வேறு கதை. தொழில் பாதுகாப்புச் சட்டம் 2014இலிருந்து ஒன்ராறியோவில் சம்பளமில்லாத பயிற்சி மாணவரையும் தொழிலாளராகவே பார்க்கிறது. ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்குப் பல்கலைக்கழகத்தின் கோ-ஆப் ஒருங்கிணைப்பாளரின் அனுமதி தேவையில்லை. முதலில் கையை எடுங்கள், மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், பிறகு பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள்.

மற்ற எந்தப் பிரச்சினைக்கும் வரிசை தலைகீழ். வேலை பிடிக்கவில்லை, சொன்ன வேலை ஒன்று செய்விக்கும் வேலை வேறு, சம்பளம் பிந்துகிறது என்றால் ஒருங்கிணைப்பாளரிடம் முதலில் பேச வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் மின்னஞ்சல் போட்டுவிட்டு விலகினால், நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருந்தாலும் தோல்விதான் விழும்.

நாள் கணக்கில் சறுக்குகிறவர்களும் பலர். தேசியத் தரப்படி ஒரு வேலைத் தவணைக்குக் குறைந்தது 12 வாரம், 420 மணி நேரம். வாரம் 35 மணி என்றால் 12 வாரத்தில் சரியாக 420 வரும், ஒரு மணிகூட மிஞ்சாது. 13 வார ஒப்பந்தத்தில் இரண்டு வாரம் குடும்பத்தோடு பயணம் போனால் 385இல் நிற்பீர்கள். வாரம் 40 மணி செய்பவருக்கு 11 வாரத்தில் 440 வந்துவிடும், ஆனால் வாரம் போதாது. பயணச்சீட்டு வாங்கும் முன் இந்தப் பெருக்கலைச் செய்து பாருங்கள். 16 வார ஒப்பந்தம் கிடைத்தால் இந்தத் தலையிடி பெரும்பாலும் இல்லை.

செய்த வேலையைப் பற்றி நீங்கள் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுக்கும் வேலை அறிக்கை பற்றி ஒன்று மட்டும். மேற்பார்வையாளர் "மிகச் சிறப்பு" என்று மதிப்பிட்ட பிள்ளைகூட அறிக்கையை நேரத்துக்குக் கொடுக்காமல் தவணையை இழக்கலாம். இரண்டும் தனித்தனி நிபந்தனை. கம்பனியின் இரகசியம் உள்ளே போய்விடக் கூடாது என்பதால் அறிக்கையை முதலில் மேற்பார்வையாளர் பார்க்க வேண்டும், அதற்கு அவருக்கு ஒரு வாரமாவது கொடுங்கள். கம்பனியின் கணினி நிரலையோ வாடிக்கையாளர் அட்டவணையையோ சாட்ஜிபிடியில் ஒட்டி "இதை அழகாக எழுதித் தா" என்று கேட்டால், அறிக்கை சமர்ப்பிக்கும் முன்பே இரகசிய உடன்பாட்டை மீறியாயிற்று.

மாமாவின் கம்பனியில் வேலை எடுக்கலாமா என்றால், சொந்தமாகத் தேடிய வேலை பொதுவாகச் செல்லும். ஆனால் தொடங்கும் முன்பே அங்கீகாரம் வாங்க வேண்டும், சொந்தக்காரரே மேற்பார்வையாளராக இருப்பதைப் பல இடங்களில் ஏற்கமாட்டார்கள். செய்து முடித்துவிட்டு வந்து தவணையாகக் கணக்கில் எடுங்கள் என்று கேட்பதில் பயனில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகளுக்கு: உங்கள் சமூகக் காப்புறுதி எண் 9இல் தொடங்கும், அதற்குக் காலாவதித் தேதி உண்டு. படிப்பு அனுமதியை நீட்டித்தால் அந்த எண்ணின் தேதி தானாக நீளாது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வேலை தொடங்கும் நாளில் சம்பளப் பிரிவு முதலில் கேட்பது அந்த எண் உள்ள கடிதத்தைத்தான்.