மேருவை நட்டால் கணக்கையும் போடுங்கள்

"உங்கள் உலகம் அறிவியலுக்கு ஒத்துவருமா?" என்று ஃபேன்டசி எழுத்தாளர்களைக் குடைபவர்கள் ஒரு பக்கம். "புராண உலகத்துக்குக் கணக்கு எதற்கு?" என்று நழுவுகிறவர்கள் இன்னொரு பக்கம். எனக்கு இரண்டாவது கூட்டத்தின் மேல்தான் கோபம். புராணம் எங்கே கணக்கில்லாமல் பேசியது?

விஷ்ணு புராணத்தையே எடுங்கள். அதன் தட்டை உலகின் நடுத்தீவான நாவலந்தீவின் குறுக்களவு 1,00,000 யோஜனை (பழங்கால தூர அளவு). நடுவில் மேரு மலை, தரைக்கு மேல் 84,000, தரைக்குள் 16,000. அடி அகலம் 16,000, உச்சி அகலம் 32,000. சூரியன் 1,00,000 யோஜனை உயரத்தில். சந்திரன் அதற்கும் ஒரு லட்சம் மேலே!

சந்திரன் சூரியனுக்கு அப்பால் இருந்தால் சூரியனை மறைக்கவே முடியாது. அதனால்தான் கிரகணத்துக்கு ராகு வேண்டியிருக்கிறது. அவனுக்குக் கழுத்துக்குக் கீழே உடம்பில்லை, விழுங்கியது வெளியே வந்துவிடுகிறது. பிறை தேயத் தேவர்கள் அமுதம் குடிக்கிறார்கள். ஒன்றைப் பிடித்து ஒன்று நிற்கிறது. இதற்கு நடுவே "சந்திரனின் நிழல் விழுந்தது" என்று ஒரு வரி எழுதினால் கூரையே இறங்கிவிடும்.

அடிக்கடி சொதப்புவது இரவில். மேருவைச் சுற்றும் சூரியன் அதற்குப் பின்னால் போவதால் இருட்டுகிறது என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். நம் நாடு அடங்கிய பாரத வர்ஷம் தீவின் தென் விளிம்பில், மேருவின் மையத்திலிருந்து சுமார் 45,000 யோஜனையில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் மேருவின் அகலமான உச்சிகூட 42 பாகையைத்தான் மறைக்கும். 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றும் சூரியன் அதைக் கடக்க மூன்று மணி நேரம்கூட ஆகாது. அவ்வளவுதான் உங்கள் இரவு. அதற்குள் கதாநாயகன் கோட்டை மதில் ஏறி, இளவரசியை மீட்டு, காட்டைக் கடக்க வேண்டும்.

புராணம் வேறு வழி வைத்திருக்கிறது. சூரியன் கண்ணில் பட்டால் உதயம், படாவிட்டால் அஸ்தமனம். கிழக்கே இந்திரன் நகரில் உச்சிப்பொழுது என்றால், தெற்கே யமன் நகரில் விடியல், மேற்கே வருணன் நகரில் நள்ளிரவு, வடக்கே சோமன் நகரில் அந்தி. ஆகவே மலையை நம்பாமல், வெளிச்சம் எட்டும் தூரத்துக்கு ஒரு எல்லை வையுங்கள். ஆனால் அப்புறம் சூரியன் கடலில் மூழ்கக் கூடாது. சிறுத்து, மங்கி, அணைய வேண்டும். அந்தி வர்ணனை முழுவதையும் திருத்தியாக வேண்டும்.

கடலும் மாறும். ரீயூனியன் தீவின் பித்தோன் தெ நேஜ் சிகரம் 3,070 மீட்டர். கடல் மட்டத்தில் நிற்பவர் கண்ணுக்கு அது ஏறக்குறைய 200 கிலோமீட்டரைத் தாண்டினால் பூமியின் வளைவில் மறைந்துவிடும். தட்டை உலகில் மறைக்க வளைவே கிடையாது, தூசியும் ஈரப்பதமும் மட்டும்தான். வானம் தெளிந்த நாளில் கொள்ளைக் கப்பல் எங்கே ஒளியும்?

மொரீசியஸில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்குக் கூடுதல் தலைவலி. புராணத்தில் கோள்கள் எல்லாம் காற்றுக் கயிற்றால் துருவனோடு, அதாவது துருவ நட்சத்திரத்தோடு, கட்டப்பட்டவை. தட்டை உலகில் துருவன் எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும். போர்ட் லூயிஸ் தெற்கே 20 பாகையில் இருக்கிறது, இங்கே துருவ நட்சத்திரம் தொடுவானத்துக்குக் கீழே. தென்வானத்து அகத்திய நட்சத்திரமோ (Canopus) 57 பாகைக்கு ஏறும், சென்னையில் வெறும் 24. நம் வானத்தை அப்படியே கதையில் வைத்துக்கொண்டு தட்டை உலகம் என்று சாதிக்க முடியாது.

எனக்குப் பிடித்தது வானியலாளர் ஆரியபடர் வழி. 499-இலேயே பூமியை உருண்டையாக்கி, மேருவை வடதுருவத்தில் வைத்து, அதன் அளவை ஒரே ஒரு யோஜனையாகக் குறைத்துவிட்டார். 84,000-ஐ 1 ஆக்கிய எடிட்டர்! சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூலில் அங்கே தேவர்களுக்கு ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு. தொன்மமும் நிற்கிறது, வானமும் பொருந்துகிறது. ஆனால் பருவங்கள் தெற்கில் தலைகீழாகும். இங்கே தைப்பூசக் காவடி புயல் பருவத்தில்தானே போகிறது? பழக்கதோஷத்தில் தென்பாதி ஊருக்கும் மார்கழிப் பனி எழுதாதீர்கள்.

துருவனையே காணாத தென்பாதி மக்களுக்கு மேரு காதால் கேட்ட மலை. அவர்கள் எதை வானத்தின் மையம் என்பார்கள், அவர்கள் கதையில் அகத்தியர் யார்? அதை யாராவது எழுதுங்கள், காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறேன்.