கொழுப்பே இல்லாத அடைப்பும் உண்டு

நெஞ்சுவலி பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, வலி என்றாலே கொலஸ்ட்ரால் அடைப்புதான் என்று முடித்துவிட்டது. நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் அதிகமாக உள்ளவர்களுக்கும், பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை இருப்பவர்களுக்கும் இன்னொரு காரணம் இருக்கலாம். நுரையீரலுக்குப் போகும் பெரிய தமனி வழக்கமாக 3 செ.மீ.க்குள் இருக்கும். அழுத்தத்தில் வீங்கி 4 செ.மீ. தாண்டினால், பக்கத்தில் ஓடும் இடது பிரதான இதயத் தமனியை நசுக்கலாம். உள்ளே கொழுப்புப் படிவு இருக்காது; மிதிபட்ட ரப்பர் குழாய் மாதிரி வெளியிலிருந்து தட்டையாகும். கொலஸ்ட்ரால் மாத்திரை அதை விரிக்காது.

இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் கிளினிக்கில் ஈசிஜி சரியாக இருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறோம். அது போதாது. எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் நுரையீரல் தமனியின் அகலம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 40 மி.மீ.க்கு மேல் இருந்து, நடக்கும்போது நெஞ்சு இறுகினால், ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு ரெஃபர் கடிதம் கேளுங்கள். இதயத் துடிப்போடு இணைத்து, இதயத் தமனிகளைப் படம் பிடிக்கும் சிடி ஆஞ்சியோ வேண்டும். சாதாரண நெஞ்சு சிடியில் அந்த இடம் அசைந்து மங்கிவிடும். நசுக்கல் கடுமை என்றால் பெரும்பாலும் தமனியை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட்தான். நுரையீரல் அழுத்த மருந்தும் கூடவே தொடரும்.

முக்கியமானது: நுரையீரல் அழுத்தத்துக்காக சில்டெனாஃபில் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பக்கத்து வீட்டு அண்ணன் கொடுக்கிறாரே என்று, நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் ஜிடிஎன் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். ரத்த அழுத்தம் சரேலென்று விழுந்துவிடும்.