வுல்வொர்த் கோபுரத்தின் உச்சி யாருக்கு?

நியூயார்க்கின் வுல்வொர்த் கட்டடத்து உச்சியில் உள்ள பென்ட்ஹவுஸுக்கு 2017-ல் 11 கோடி டாலர் விலை சொன்னார்கள். விற்கவில்லை. 7.9 கோடிக்கு இறக்கிப் பார்த்தார்கள். கடைசியில் 2023-ல் 3 கோடிக்குப் போனது. அந்த வீட்டோடு சேர்ந்து கைமாறியது, ஒரு காலத்தில் ஊரே ஏறி நின்று பார்த்த பார்வை மாடம். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

1913-ல் திறந்த கட்டடம் இது. 792 அடி. 1930 வரை உலகிலேயே உயரமான கட்டடம் இதுதான். கட்டிய ஃபிராங்க் வுல்வொர்த், எதை எடுத்தாலும் 5 சென்ட், 10 சென்ட் என்று கடை போட்டுப் பெரிய ஆளானவர். கட்டியதற்கான 1.35 கோடி டாலரைக் கடன் வாங்காமல் ரொக்கமாகவே கொடுத்தார். லாபியில், கூரையைத் தாங்கும் இடத்தில் அவரையே சின்ன உருவமாகச் செதுக்கியிருக்கிறார்கள். முழங்காலை மடக்கி உட்கார்ந்து காசு எண்ணுகிறார். இன்னொரு பக்கம் கட்டடக் கலைஞர் காஸ் கில்பர்ட், இதே கோபுரத்தின் மாதிரியைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடி வழியாக உற்றுப் பார்க்கிறார்.

வுல்வொர்த் எண்ணுவது சாதாரண ஜனங்கள் கொடுத்த சில்லறை. அந்த ஜனங்கள் கட்டணம் கட்டினால் உச்சிக்கே போய் ஊரைப் பார்க்கலாம். 1941-ல் மாடத்தை மூடினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தும் திறக்கவில்லை. 2012-ல் மேலே உள்ள 30 மாடிகள் 6.8 கோடி டாலருக்குக் கைமாறின, அடுக்குமாடி வீடுகளாக்குவதற்காக.

சரி, பழைய கட்டடம் என்றால் பராமரிக்கப் பணம் வேண்டும்தான். எழுபதுகளின் கடைசியில் இதன் சுடுமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் கெட்டுப்போய், கழற்றிவிட்டு கான்கிரீட்டில் செய்து பதித்தார்கள். குறுகலான மேல்மாடிகள் இன்றைய அலுவலகங்களுக்குத் தோதுப்படாது. வீடாக்கியதை நான் குறை சொல்லவில்லை. பூட்டிக் கிடந்து பாழாவதைவிட ஆள் குடியிருப்பது எவ்வளவோ மேல்.

ஆனால் 1983-ல் நகர நிர்வாகம் இதன் வெளிப்புறத்தையும் லாபியையும் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததே, அது யாருக்காக? இன்று லாபியைப் பார்க்கவே முன்பதிவு செய்து வழிகாட்டியோடுதான் போக வேண்டும். பளிங்குக்கும் மொசைக்குக்கும் பாதுகாப்பு இருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கிற உரிமைக்கு இல்லை.

வுல்வொர்த் கடைகளும் எல்லாருக்கும் ஒன்றுபோலத் திறந்திருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். 1960-ல் அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரக் கடையில், வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறிய சாப்பாட்டு மேசையில் நான்கு கறுப்பின மாணவர்கள் எழுந்திருக்க மறுத்து உட்கார்ந்தார்கள். மாதக்கணக்கில் போராட்டம் நடந்த பிறகுதான் அங்கே கறுப்பினத்தவருக்குப் பரிமாறினார்கள்.

இதே நியூயார்க்கில் 1961 முதல், பொதுமக்களுக்குத் திறந்தவெளி விட்டால் கூடுதல் மாடி கட்டிக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. அதே பேரத்தைப் பழைய கோபுரங்களிலும் பேசலாமே? வீடாக மாற்ற அனுமதி கேட்டு வரும்போதே, உச்சி மாடத்துக்குத் தனி லிஃப்ட் வேண்டும், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது எல்லாருக்கும் திறக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டுக் கையெழுத்து வாங்கட்டும். இதற்கு ஒத்துக்கொண்டு வாங்குகிறவர் வாங்கட்டும்.