மாரடைப்புக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டுகொள்ள வேண்டாமா?

"மாரடைப்பு வந்தவர் மனம் சோர்ந்துதான் கிடப்பார், தானாகச் சரியாகும், மனச்சோர்வு மாத்திரை இதயத்தைக் கெடுக்கும்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. முதல் சில நாள் கலக்கம் இயல்பு, சரி. இரண்டு வாரம் தாண்டியும் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் கெட்டுக் கிடந்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. கனடாவின் மாண்ட்ரியலில் மாரடைப்பு வந்த 222 நோயாளிகளைக் கவனித்து 1993இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வு இருந்தவர்களிடையே ஆறு மாதத்துக்குள் இறப்பு கூடுதலாக இருந்தது. சோர்ந்தவர் இதய மாத்திரையையும் நடைப்பயிற்சியையும் கைவிடுவது ஒரு காரணம்.

மாத்திரைப் பயத்தில் பாதி உண்மை உண்டு. டிரைசைக்ளிக் எனப்படும் பழைய வகை மனச்சோர்வு மாத்திரைகள் இதயத் துடிப்பைப் பாதிக்கலாம். செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை அப்படியல்ல, மாரடைப்பு நோயாளிகளிடமே சோதித்து, பாதுகாப்பானது என 2002இல் முடிவு வந்தது. ஆனால் அது ஆஸ்பிரினோடு சேரும்போது ரத்தக்கசிவு கூடலாம்; அதனால் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.