1987 புயலுக்கு ஒரு வானிலை அறிவிப்பாளர் மட்டுமா காரணம்?

“புயலே வராதுன்னு பிபிசி-யில் சிரிச்சுக்கிட்டே சொன்னார், அன்றைக்கு ராத்திரியே இங்கிலாந்தில் ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்தன” என்று ஒரு வீடியோ துணுக்கு சுற்றி வருகிறது. வீடியோ உண்மைதான். ஆனால் பாதியில் வெட்டியது.

1987 அக்டோபர் 15 அன்று பிபிசி வானிலை அறிவிப்பாளர் மைக்கேல் ஃபிஷ் ‘ஹரிக்கேன் (வெப்பமண்டலக் கடும்புயல்) வரவில்லை, கவலைப்படாதீர்கள்’ என்றார். அதே மூச்சில் காற்று மிக பலமாக வீசும் என்றும் சொன்னார். அது துணுக்கில் இல்லை. வந்ததும் ஹரிக்கேன் அல்ல. வெப்பமண்டலத்துக்கு வெளியே, அட்லாண்டிக்கில் உருவான காற்றழுத்தத் தாழ்வு. அவர் மீது தவறே இல்லையா என்றால், இருக்கிறது. பலத்த காற்று பெரும்பாலும் ஸ்பெயின், பிரான்ஸ் பக்கம் போகும் என்றார். போகவில்லை. கணிப்பு பிசகியது புயலின் பாதையில்தான். ஆங்கிலக் கால்வாய்க்கான எச்சரிக்கை அன்று காலையிலேயே போய்விட்டது.

சரி, இவ்வளவு மரங்கள் ஏன் விழுந்தன? ஓக், பீச் போன்றவை இன்னும் இலை உதிர்க்கவில்லை. பாய்மரம் போலக் காற்றை வாங்கின. முந்தைய நாட்களின் மழையில் மண்ணும் ஊறிப்போயிருந்தது. அதனால் பல மரங்கள் முறியாமல், வேர்த்தட்டோடு மண்ணைப் பெயர்த்துக்கொண்டு சாய்ந்தன. எவ்வளவு துல்லியமாகக் கணித்திருந்தாலும் அவை நின்றிருக்கப் போவதில்லை.

இன்னொன்று: ஏழு ஓக் மரங்களின் பெயர் கொண்ட இங்கிலாந்து ஊரான செவன்ஓக்ஸில் அந்த ஏழு மரங்களும் விழுந்தன என்பதும் தப்பு. விழுந்தவை ஆறு. அவையும் பழங்கால மரங்கள் அல்ல, 1902-ல் நட்டவை.